ஆறு ஏக்கர் மைதானத்தில் உள்விளையாட்டரங்கம்: எதைக் கேட்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது

உங்கள் கேள்வி சுருக்கமாக இது: நகராட்சிக்குச் சொந்தமான ஆறு ஏக்கர் மைதானத்தில் 3,000 இருக்கைகள் கொண்ட பல்நோக்கு உள்விளையாட்டரங்கம் கட்ட முன்மொழிவு வந்திருக்கிறது. சுற்றிலும் நடைபாதை, கொஞ்சம் பூங்கா, 200 கார்களுக்கு நிறுத்துமிடம். பகுதி சபைக் கூட்டத்தில் கருத்துக் கேட்கப் போகிறார்கள். குடியிருப்போர் சங்கம் என்ன சொல்ல வேண்டும்?

அரங்கம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் மழை மாதங்களிலும் ஏப்ரல், மே வெயிலிலும் பிள்ளைகள் ஒழுங்காகப் பயிற்சி எடுக்க கூரை போட்ட இடம் கட்டாயம் வேண்டும். ஆனால் 3,000 இருக்கையை 500 ஆகக் குறைக்கச் சொல்லுங்கள். அதில் மிச்சமாகும் இடத்தையும் பணத்தையும் தரை, கூரை, சாமான் அறை, வெளி மைதானம் ஆகிய நான்கிலும் போடச் சொல்லுங்கள். கட்டடம் நிலத்தின் ஓர் ஓரத்துக்குப் போக வேண்டும். நடுவில் உட்காரக் கூடாது. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நிலக் கணக்கு. ஆறு ஏக்கர் என்றால் சுமார் 24,300 சதுர மீட்டர். 3,000 பேர் அரங்கத்துக்கு படிக்கட்டு, வராந்தா எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 65-க்கு 60 மீட்டர் வேண்டும். தீயணைப்பு வண்டி சுற்றி வர ஆறு மீட்டர் பாதை விட்டால் மொத்தம் 5,500 சதுர மீட்டரைத் தொடும். ஒரு கார் நிற்கவும் திரும்பவும் 25 முதல் 30 சதுர மீட்டர் பிடிக்கும். 200 கார் என்றால் இன்னொரு 5,500. ஆக, பாதி மைதானம் போயிற்று. எட்டு ஓடுதடம் உள்ள 400 மீட்டர் டிராக்குக்கு 177-க்கு 93 மீட்டர், அதாவது நான்கு ஏக்கர் வேண்டும். மீதி இருக்கும் நிலத்தில் அது அமையாது. அதே இடத்தில் 500 இருக்கை அரங்கம் 50-க்கு 38 மீட்டரில் முடிந்துவிடும்; சுற்றுப்பாதையோடு 3,100 சதுர மீட்டர். நாற்பது காரும் முந்நூறு டூவீலரும் நிற்க இன்னும் இரண்டாயிரம் சதுர மீட்டர். நிலத்தின் வடிவம் ஒத்துவந்தால் டிராக்கும் அதன் நடுவே கால்பந்து மைதானமும் அப்படியே தங்கும். கூட்டத்தில் வேறு எதுவும் பேச நேரம் கிடைக்காவிட்டாலும் இந்தக் கணக்கை மட்டுமாவது ஒரு தாளில் வரைந்து காட்டிவிடுங்கள்.

அடுத்தது, யார் வருகிறார்கள் என்ற கணக்கு. பெரும்பாலான திட்ட அறிக்கைகளில் மக்கள்தொகை இருக்கும், மைதானத்துக்கு வருகிறவர்கள் இருக்க மாட்டார்கள். நீங்களே எண்ணுங்கள். ஒரு வேலைநாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும், மாலை ஐந்துக்கும் ஏழரைக்கும் ஒவ்வொரு வாசலிலும் இரண்டு பேர் நின்று, நடக்க வந்தவர்கள், ஆட வந்தவர்கள், சும்மா உட்கார வந்தவர்கள், பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம் அரங்கத்தின் வாரத்தைப் போட்டுப் பாருங்கள். ஆட்கள் வரக்கூடிய நேரம் காலை ஐந்து முதல் ஒன்பது, மாலை நான்கு முதல் ஒன்பது. நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு 63 மணி. தரையை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியில் மணிக்கு இருபது பேர் என்று வைத்தாலும் வாரத்துக்கு 3,780 வருகைதான். தினமும் காலையும் மாலையுமாக 600 பேர் நடக்க வரும் மைதானம் என்றால் அதுவே வாரத்துக்கு 4,200. வெளியில் இருக்கும் இடம் அரங்கத்துக்கு நிகராகவோ கூடுதலாகவோ உழைக்கிறது என்பதை உங்கள் ஊர் எண்ணிக்கையே சொல்லட்டும். பிற்பாடு பட்ஜெட்டைப் பங்கு பிரிக்கும்போது இந்தத் தாள்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

இருக்கைகளுக்கு வருகிறேன். பெரிய போட்டிகள் பெரிய நகரங்களுக்குத்தான் போகும். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் தமிழ்நாட்டில் நடந்தபோது சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று நான்கு ஊர்களில்தான் வைத்தார்கள். உங்கள் ஊருக்கு வரப்போவது முதலமைச்சர் கோப்பையின் மாவட்டச் சுற்று, பள்ளிகளுக்கு இடையிலான போட்டி, உள்ளூர் கிளப் டோர்னமென்ட். இவற்றுக்கு 500 இருக்கை தாராளம். கபடிக்கு மூவாயிரம், ஐயாயிரம் கூட்டம் சேரும் ஊராக இருந்தால் அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது: வெளி மைதானத்தில் வாடகைக் கேலரி கட்டி, ஃபிளட்லைட் போட்டு இரவு ஆட்டம் நடத்துவது. நம் ஊர்க்காரர்களுக்கு அது கைவந்த வேலை. ஒவ்வொரு ஆயிரம் இருக்கையும் தனியாக வருவதில்லை. கூடவே அவசர வாசல்களும், கழிப்பறைகளும், அகலமான படிகளும், வண்டி நிறுத்த இடமும் வரும். வருஷத்தில் ஓரிரு முறை நிறையும் படிக்கட்டுகளை மீதி நாளெல்லாம் பெருக்கித் துடைக்கவும் ஆள் வேண்டும்.

சரி, தரை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? என் பரிந்துரை 44-க்கு 24 மீட்டர். ஹேண்ட்பால், ஃபுட்சால் இரண்டுக்கும் 40-க்கு 20 மீட்டர் களம். சுற்றி இரண்டு மீட்டர் விட்டால் இந்த அளவு வந்துவிடும். கூடைப்பந்துக் களம் 28-க்கு 15. நடுவில் நன்றாகப் பொருந்தும். வாலிபால் களம் 18-க்கு 9, சுற்றி மூன்று மீட்டர் காலி இடம் வேண்டும். குறுக்காகப் போட்டால் நீளம் சரியாக 24 மீட்டரில் முடியும், பக்கத்தில் பக்கத்தில் மூன்று களம் வைக்கலாம். ஷட்டில் கோர்ட் 13.4-க்கு 6.1. இடையில் இரண்டு மீட்டர் விட்டு ஐந்து கோர்ட் அமையும். ஆறு போடலாம் என்று யாராவது வரைபடம் காட்டினால், பக்கத்து ஆட்டக்காரரின் ராக்கெட் மேலே படாமல் ஆட முடியுமா என்று கேளுங்கள். ஆண்கள் கபடிக் களம் 13-க்கு 10. அதுவும் மூன்று அமையும். தரையை மூன்றாகப் பிரிக்க மேலிருந்து இறங்கும் வலைத் திரைகள் ஆரம்பத்திலேயே திட்டத்தில் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் பத்துப் பேர் ஃபுட்சால் ஆடும்போது மொத்த அரங்கமும் அவர்களுக்கே என்றாகிவிடும்.

உயரத்தில் ஏமாந்துவிட வேண்டாம். வரைபடத்தில் எழுதியிருக்கும் உயரம் பெரும்பாலும் கூரை உச்சியின் உயரம். ஆடுகிறவருக்குத் தேவை, தரையிலிருந்து மிகத் தாழ்வாகத் தொங்கும் பொருள் வரைக்கும் உள்ள உயரம். அந்தப் பொருள் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் (டிரஸ்) அடிக்கம்பியாக இருக்கலாம், விளக்காக இருக்கலாம், ஏசி குழாயாகவும் இருக்கலாம். வாலிபாலுக்கு அது ஏழு மீட்டருக்குக் குறையக் கூடாது. ஷட்டிலுக்கு ஒன்பது மீட்டராவது இருந்தால்தான் மாவட்ட, மாநில அளவு ஆட்டத்துக்கு நிம்மதி. உலக அளவு வாலிபால் போட்டிக்கு 12.5 மீட்டர் கேட்கிறார்கள். அதை நீங்கள் துரத்த வேண்டியதில்லை.

சாமான் அறை பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். ஒரு கபடிக் களத்தை ஒரு மீட்டர் சதுர மேட்களால் நிரப்ப 130 துண்டு வேண்டும். ஓரத்துக்கு இன்னும் கொஞ்சம். இரண்டு களம் என்றால் முந்நூறு துண்டுக்கு அருகில் வரும். இதோடு வாலிபால் கம்பங்கள், நகர்த்தும் கூடைப்பந்து போர்டுகள், மடக்கும் டேபிள் டென்னிஸ் மேசைகள், ஷட்டில் மேட் சுருள்கள். இவை வைக்க இடமில்லாத அரங்கத்தில் என்ன நடக்கும் என்று எந்தப் பழைய உள்ளரங்கத்துக்குப் போனாலும் பார்க்கலாம். மேட்கள் சுவரோரம் அடுக்கிக் கிடக்கும், ஈரம் கோத்து மூலைகள் மடங்கியிருக்கும், ஒரு கோர்ட் நிரந்தரமாகக் குடோனாகியிருக்கும். தரைப் பரப்பில் எட்டில் ஒரு பங்கு சாமான் அறைக்கு என்பது நல்ல கணக்கு. நம் அளவுக்கு அது 130 சதுர மீட்டர். அந்த அறை ஆடுதரையை ஒட்டி, அதே மட்டத்தில், வாசற்படி இல்லாமல், மூன்று மீட்டர் அகலக் கதவோடு இருக்க வேண்டும். பின்பக்கம் மூலையில் ஓர் அறை ஒதுக்கினால் யாரும் அதுவரைக்கும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

வெளிச்சமும் காற்றும் ஷட்டிலை வைத்தே தீர்மானிக்கப்பட வேண்டும். மற்ற ஆட்டங்கள் விட்டுக்கொடுக்கும், இது கொடுக்காது. இறகுப்பந்தின் எடை 4.74 முதல் 5.50 கிராம். ஒரு பக்கக் கதவு திறந்தாலே அது கோட்டுக்கு வெளியே போகும். அதனால் வாசலுக்கு இரட்டைக் கதவு, நடுவில் ஒரு சின்ன முன்னறை. கோர்ட்டின் இரு கோடிகளுக்குப் பின்னால் ஜன்னலோ வெள்ளைச் சுவரோ கூடாது. வெள்ளைப் பந்து வெள்ளைச் சுவரில் கரைந்துவிடும். அடர் பச்சை அல்லது நீலம், பளபளப்பில்லாத பெயின்ட். விளக்குகள் கோர்ட்டுக்கு நேர் மேலே வரக் கூடாது, இரு பக்கங்களிலும் வரிசையாக வர வேண்டும். ஸ்மாஷ் அடிக்க நிமிர்ந்து பார்ப்பவரின் கண்ணில் விளக்கு விழுந்தால் அந்தப் புள்ளி போயிற்று. கூரையில் கண்ணாடித் தகடு பதித்து ‘இயற்கை வெளிச்சம்’ என்று காட்டும் வரைபடங்களுக்கும் இதே பதில். வெளிச்சம் சுவரின் மேற்பகுதியிலிருந்து, மறைப்பு வழியாகப் பரவலாக வரட்டும்.

வெப்பம்தான் நம் ஊர் அரங்கங்களின் பெரிய நோய். கட்டடத்தின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். காலை, மாலை வெயில் விழும் கிழக்கு மேற்குச் சுவர்கள் குட்டையாக இருக்கட்டும். வெளியில் இருக்கும் வாலிபால், டென்னிஸ் களங்களுக்கு நேர் எதிர்: அவற்றின் நீளம் வடக்கு தெற்காக இருந்தால்தான் ஆடுகிறவர் கண்ணில் சூரியன் அடிக்காது. உள்ளே ஒரு திசை, வெளியே ஒரு திசை என்பதால் வரைபடம் கோணலாகத் தெரியும், பரவாயில்லை. இன்னொன்று: வடக்கு ஜன்னலில் வெயிலே விழாது என்பது குளிர்நாட்டுக் கணக்கு. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. தெற்கே போகப் போக அந்தக் காலம் இன்னும் நீளும். ஆகவே வடக்குப் பக்கத்துக்கும் சன்ஷேடு வேண்டும். கூரை வெறும் தகரமாக இருக்கக் கூடாது. மேலே வெள்ளைப் பூச்சு, அடியில் வெப்பத் தடுப்பு அடுக்கு, உச்சியில் சூடான காற்று வெளியேற வழி, கீழே சுவரோரம் காற்று மெதுவாக நுழைய மறைப்புள்ள திறப்புகள். கபடி, வாலிபால் நேரத்தில் பெரிய விட்டமுள்ள மெதுவான மின்விசிறிகள் ஓடட்டும், ஷட்டில் நேரத்தில் நிறுத்திவிடலாம். முழு அரங்கத்துக்கும் ஏசி என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்தாயிரம் கன மீட்டருக்கு மேல் காற்றைக் குளிரவைக்கும் மின்கட்டணத்தை நகராட்சி எத்தனை வருஷம் கட்டும்? ஏசியை நம்பி ஜன்னல் இல்லாமல் கட்டிய அரங்கம், ஏசி நின்ற அன்றே மூடிய அரங்கம்தான்.

தரை எதில் போடுவது என்பதில் ஆர்க்கிடெக்ட்கள் மேப்பிள் மரத்தைச் சொல்வார்கள். மரத்தரை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் மிக நல்லது, பந்தும் நன்றாக எழும்பும். ஆனால் அடியில் காற்றோட்டம் வேண்டும், ஈரப்பதம் ஏறி இறங்கினால் பலகை உப்பும், ஒரே இரவு கூரை ஒழுகினாலும் பட்டை பட்டையாகப் பெயரும். கடற்கரை மாவட்டமாக இருந்தால், அல்லது பராமரிப்புக்கு நிரந்தர ஆள் இல்லையென்றால், நான் நல்ல தடிமனான வினைல் விரிப்பையே சொல்வேன், அடியில் மெத்தென்ற அடுக்கோடு. கான்கிரீட்டின் மேல் நேரடியாக மெல்லிய மேட் விரிப்பதை மட்டும் எந்த விலைக்கும் ஏற்காதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளையின் முழங்கால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது.

தரையைக் கெடுப்பது ஆட்டம் இல்லை, விழாக்கள். மாவட்டத்தில் கூரையோடு ஒரு பெரிய இடம் இருக்கிறது என்று தெரிந்த உடனே அரசு விழா, வேலைவாய்ப்பு முகாம், கண்காட்சி, மாநாடு எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். சென்னை நேரு உள்விளையாட்டரங்கத்திலேயே அரசு விழாக்களும் மாநாடுகளும் எத்தனை நடந்திருக்கின்றன! ஊருக்கு அப்படி ஓர் இடம் தேவை என்பதும் நியாயமே. அதற்கு ஆடுதரையைக் கொடுக்காமல், அதே கட்டடத்தோடு ஒட்டி 300 பேர் கொள்ளும் சாதாரண டைல்ஸ் தரைக் கூடம் ஒன்றைக் கேளுங்கள். தனி வாசல், தனிக் கழிப்பறை, சமையலுக்கு வெளிப்பக்கம் ஓர் இடம். விழா இல்லாத நாளில் யோகா, சிலம்பம், கேரம், செஸ் எல்லாம் அங்கே நடக்கும். பெரிய தரையில் விளையாட்டு அல்லாத நிகழ்ச்சி ஆண்டுக்கு இத்தனை நாளுக்கு மேல் கூடாது, தரை மூடும் பலகை விரிக்காமல் நாற்காலி போடக் கூடாது என்று நகர்மன்றத் தீர்மானத்திலேயே எழுதி வாங்குங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள். புயல், வெள்ளம் வரும்போது நிவாரண முகாமாகத் திறப்பது இதில் சேராது. அதற்கு எந்தக் கட்டுப்பாடும் வைக்கக் கூடாது. உண்மையில் அதற்காகவே ஜெனரேட்டர் அறையும் மெயின் ஸ்விட்ச் போர்டும் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்வதானால் சிங்கப்பூரின் தெம்பினிஸைச் சொல்வேன். பழைய ஸ்டேடியமும் விளையாட்டுக் கூடமும் இருந்த அதே இடத்தில் ‘அவர் தெம்பினிஸ் ஹப்’ என்ற வளாகத்தைக் கட்டி 2017-இல் அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள். 5,000 இருக்கைக் கால்பந்து மைதானம், நீச்சல் குளங்கள், ஷட்டில் கோர்ட்டுகள், வட்டார நூலகம், உணவங்காடி நிலையம், மாடியில் ஓடுதடம் எல்லாம் ஒரே வளாகத்தில். திட்டமிடும்போது 15,000-க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டார்கள். நிலம் கிடைக்காத தீவு என்பதால் அவர்கள் மேலே மேலே அடுக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கட்டடம் தேவையில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பேரனை நீச்சலுக்கு விட வந்த பாட்டி அரை மணி நேரம் நூலகத்தில் உட்கார முடிகிற அந்த ஏற்பாட்டை. உங்கள் ஊர்க் கிளை நூலகம் வாடகைக் கட்டடத்தில் இருந்தால் அதை இந்த வளாகத்தின் முன்பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். பகல் பத்து மணி முதல் நான்கு வரை, விளையாட ஆள் வராத நேரத்திலும், வளாகத்தில் மனித நடமாட்டம் இருக்கும்.

நம் பக்கத்து உதாரணம் மதுரை தமுக்கம். சித்திரைப் பொருட்காட்சி நடந்து நடந்து மதுரைக்காரர்கள் மனதில் ஊறிப்போன திடல். அதன் ஒரு பகுதியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மாநாட்டு அரங்கம் எழுந்துவிட்டது. அரங்கத்துக்கும் பயன் உண்டுதான். ஆனால் திறந்த திடல் செய்கிற வேலையை எந்தக் கட்டடமும் செய்ய முடியாது. பொருட்காட்சி, சர்க்கஸ், பொதுக்கூட்டம், தீபாவளிப் பட்டாசுக் கடை, மாலையில் பையன்களின் கிரிக்கெட் என்று எல்லாவற்றுக்கும் ஒரே மண் இடம் கொடுக்கிறது. உங்கள் வரைபடத்தில் வெளியிடம் முழுவதையும் பேவர் பிளாக், நீரூற்று, செயற்கைப் புல், சிலைகள் என்று நிரப்பியிருந்தால், குறைந்தது ஒன்றரை ஏக்கராவது ஒன்றும் செய்யாமல் சமமான மண்தரையாக விடச் சொல்லுங்கள். தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்த பூப்பந்தாட்டத்துக்கு (பால் பேட்மின்டன்; ஷட்டில் அல்ல) 24-க்கு 12 மீட்டர் மண்தரையும் நல்ல விளக்கும் போதும்; அந்த ஆட்டத்தை இன்னும் ஆடுகிறவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களுக்கு வெளியில் இரண்டு களம் ஒதுக்குங்கள்.

மதில் சுவரைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். இரண்டு ஆள் உயரச் சுவரும் ஒரே வாசலும் உள்ள மைதானத்துக்கு, இருட்டிய பிறகு பெண்கள் வர மாட்டார்கள். இடுப்பளவு சுவர், அதன் மேல் கம்பி கிரில்; தெருவில் போகிறவருக்கு உள்ளே நடப்பது தெரிய வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஒரு வாசல், அதில் ஒன்று பஸ் ஸ்டாப்புக்கு நேராக. கழிப்பறைகளில் ஒரு தொகுதி அரங்கத்தின் வெளிச்சுவரில், மைதானத்தைப் பார்த்துத் திறப்பதாக இருக்கட்டும். காலை ஐந்தரைக்கு நடக்க வரும் சர்க்கரை நோயாளிப் பெரியவருக்கு, அரங்கம் பூட்டியிருக்கிறது என்பதால் கழிப்பறை இல்லாமல் போகக் கூடாது. பெண்களின் உடை மாற்றும் அறைக்குப் போகும் வழி, ஆண்கள் கூடி நிற்கும் இடத்தைக் கடந்து போவதாக இருக்கக் கூடாது. அந்தப் பாதை முழுக்க விளக்கும், அலுவலக அறையின் ஜன்னல் பார்வையும் வேண்டும். மாலை ஐந்து முதல் ஏழு வரைக்கும் உள்ள நல்ல நேரத்தில் வாரத்தில் மூன்று நாளாவது ஒரு பகுதி பெண் பிள்ளைகளுக்கென்றே இருக்கட்டும். மத்தியானம் இரண்டு மணியைக் கொடுத்துவிட்டு ‘யாரும் வரவில்லை’ என்று சொல்வது நியாயமில்லை.

பாரிஸ் 2024 பாராலிம்பிக்ஸில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலமும் வாங்கினார்கள். மூவரும் தமிழ்நாட்டுப் பெண்கள், மூவரும் ஷட்டில் ஆட்டக்காரர்கள். இவர்களைப் போன்ற பிள்ளைகள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்றுக்கு மேல், அதாவது பன்னிரண்டு அடி நீளத்தில் ஓர் அடிக்கு மேல், ஏறக் கூடாது என்பது அடிப்படை. அதோடு ஆடுதரைக்கும், உடை மாற்றும் அறைக்கும், பார்வையாளர் பகுதிக்கும் சக்கர நாற்காலி தடையில்லாமல் போக வேண்டும். முன்வாசலில் மட்டும் சாய்தளம் கட்டி, உள்ளே மூன்று படி வைத்த கட்டடங்கள் நிறைய. வரைபடத்தில் வாசல் முதல் கோர்ட் வரை விரலால் கோடு போட்டுப் பாருங்கள். எங்கே படி வருகிறதோ அங்கே நிறுத்திக் கேளுங்கள்.

மரமும் மழைநீரும் ஒன்றாகவே திட்டமிடப்பட வேண்டியவை. 1,900 சதுர மீட்டர் கூரையில் ஒரு நாள் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,90,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கணக்கிட்டால் கிட்டத்தட்ட பதினாறு லாரி. வடகிழக்குப் பருவமழையில் அப்படிப்பட்ட நாட்கள் வரத்தான் செய்யும். கூரை நீரைச் சாக்கடைக்கு விடாமல் தொட்டியிலும் உறிஞ்சு கிணறுகளிலும் இறக்கினால் டிராக்குக்குத் தெளிக்கவும் மரங்களுக்கும் ஆகும். மைதானம் முழுவதையும் மண் கொட்டி உயர்த்தும் யோசனை வந்தால் எதிர்த்து நில்லுங்கள். அந்த நிலம் இதுவரைக்கும் வாங்கி வைத்துக்கொண்ட மழை, பிறகு சுற்றியுள்ள தெருக்களுக்குத்தான் போகும். கட்டடத்தின் அடித்தளத்தை மட்டும் உயர்த்தினால் போதும். மரங்களில் வேம்பு, புங்கன், பூவரசு, மருதம், இலுப்பை வையுங்கள். குல்மோகர் பூ அழகுதான், ஆனால் வேர் மேலோட்டமாக ஓடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் அந்த மாதிரி மரங்கள் எப்படி விழுந்து கிடந்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கூரைக்கு மிக அருகில் நட்டால் இலை விழுந்து மழைநீர்க் குழாய் அடைக்கும், ஆகவே பத்து மீட்டராவது தள்ளி. நடைபாதையின் மேற்குப் பக்கம் நெருக்கமாக நட்டால் மாலை நான்கு மணிக்கே ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள்.

நடைபாதை மண்ணாகவே இருக்கட்டும், கல் பதிக்க வேண்டாம். எட்டு வடிவில் நடக்கும் பாதை கேட்பவர்களுக்கு மரநிழலில் ஒன்று ஒதுக்கிவிடலாம்.

இனி நடத்தும் செலவு. கட்டும் காசு ஏதாவதொரு திட்டத்திலிருந்து வந்துவிடும், விளக்கு எரியவும் பெருக்கவும் வரும் காசுதான் கேள்வி. முதல் ஐந்து வருஷத்துக்கு மின்கட்டணம், காவலாளி, துப்புரவு, மேட் மாற்றுவது, கூரை பழுது எல்லாம் சேர்த்து எவ்வளவு, அது எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று எழுத்தில் கேளுங்கள். தனியாரிடம் நடத்தக் கொடுப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச நேரம், அதுவும் மாலையில். ஒரே கிளப் அல்லது ஒரே கோச்சிங் சென்டர் வாரத்தின் எல்லா நல்ல ஸ்லாட்டையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளத் தடை. கட்டண விவரமும் அன்றைய நேர அட்டவணையும் வாசல் பலகையில் எழுதி வைப்பது. ஆன்லைன் புக்கிங் இருக்கட்டும், ஆனால் போன் இல்லாத பையன் நேரில் வந்து கேட்டாலும் இடம் கிடைக்க வேண்டும். ஊரில் உள்ள பி.டி. வாத்தியார்கள் இரண்டு பேர், ஆடுகிற பெண்கள் இரண்டு பேர், தினம் நடக்க வருகிறவர்களில் ஒருவர் என்று மேற்பார்வைக் குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டண உயர்வு இவர்கள் பார்வைக்கு வராமல் நடக்கக் கூடாது.

கூட்டத்துக்குப் போகும்போது முப்பரிமாணப் படங்களைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். நீலவானமும் பறவைகளும் அதில் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். உயரம் தெரியும்படி கட்டடத்தை நடுவில் வெட்டிக் காட்டும் வரைபடம், சாமான் அறை குறித்த தரைப்படம், ஆறு ஏக்கர் முழுவதையும் ஒரே அளவுகோலில் காட்டும் படம், ஒரு வாரத்தின் மாதிரி நேர அட்டவணை. இந்த நான்கையும் கூட்டத்துக்கு முன்பே கேட்டு மனுக் கொடுங்கள். கூட்டத்தில் பேசியதெல்லாம் நடவடிக்கைப் பதிவேட்டில் ஏறுகிறதா என்றும் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வேலை நடக்கும் காலம். இப்படிப்பட்ட கட்டடம் ஒன்றரை, இரண்டு வருஷம் இழுக்கும். காண்டிராக்டர் வசதிக்காக முழு மைதானத்தையும் தகரம் அடைத்துவிட்டால், ஒன்பதாம் வகுப்பில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்குப் போகும்வரை ஓட இடம் இருக்காது. கட்டட வேலைக்கு இரண்டு ஏக்கர் மட்டும் அடைக்க வேண்டும், மீதி நான்கு ஏக்கரும் ஒரு வாசலும் தினமும் திறந்திருக்க வேண்டும் என்று டெண்டர் நிபந்தனையிலேயே போடச் சொல்லுங்கள். முதல் தவணைப் பணத்தில் வெளிக் கழிப்பறை, விளக்கு, வடிகால், மரக்கன்று ஆகியவற்றை முடித்துவிட்டு அஸ்திவாரம் தோண்டட்டும். ஆடி மாதத்தில் குழி எடுத்து, பருவமழை தொடங்கும்போது கன்று நட்டுவிட்டால், அரங்கம் திறக்கும் நாளில் அவை ஆள் உயரத்தைத் தாண்டியிருக்கும்.